ஒப்பந்தத்தில் ஊருக்கும் ஒரு கையெழுத்து

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் விரிவுரையாளர் கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு நீர்வள ஆராய்ச்சிக்காகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடப்போகிறோம். வரைவு எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது. இப்படிப்பட்ட கூட்டு முயற்சிகளால் நாட்டின் நீடித்த வளர்ச்சிக்கு உண்மையிலேயே பலன் உண்டா? நம்ம திருநெல்வேலிச் சீமைக்கு என்ன கிடைக்கும்?"

தம்பி, பலன் உண்டு. அந்தப் பலன் யாருக்குப் போய்ச் சேரும் என்பது, ஆராய்ச்சிக் கேள்வியைத் தீர்மானிக்கும் நாளில் யார் யார் கூட உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு பல்கலைக்கழகங்கள் மட்டும் உட்கார்ந்து பேசினால் கட்டுரைகள் வரும், மாணவர்கள் இங்குமங்கும் போய்வருவார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் நாட்டு வளர்ச்சி என்று சொல்ல வேண்டுமானால், எந்த ஆற்றை ஆராய்கிறோமோ அந்த ஆற்றுத் தண்ணீரில் பிழைக்கிறவர்களும் தொடக்கத்திலேயே உள்ளே வர வேண்டும். முடிவில் ஒரு பயிற்சி முகாம் நடத்தி அவர்களை அழைப்பது போதாது.

நம் ஆற்றங்கரையிலேயே இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இளைய ஆசிரியர்கள் பலர் அதைக் கேள்விப்பட்டதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1980களில் மடகாஸ்கர் தீவில் ஆன்றி டி லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்குள்ள ஏழை விவசாயிகளோடு சேர்ந்து ஒரு நடவு முறையை உருவாக்கினார். இரண்டு வாரத்துக்கு உட்பட்ட இளம் நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, சதுரமாக அகல இடைவெளி, வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்காமல் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவது, களையைக் கருவியால் மண்ணுக்குள்ளேயே அமுக்கிவிடுவது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் உப்ஹாஃப் அதை அங்கே பார்த்து மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோனார். நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், குறைந்த நீரில் நெல் விளைவிப்பதைப் பற்றி நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்களோடு கூட்டாக ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 2000ஆம் ஆண்டு வாக்கில் இந்த முறையைக் கையிலெடுத்தது. நான்கு நாடு தாண்டி வந்த ஒரு யோசனை அது. இதுவரை எல்லாம் ஆராய்ச்சி நிலையத்துக்குள் நடந்தது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 2003-04இல் மாநில அரசு பணம் கொடுத்து, தாமிரபரணிப் பாசனத்தில் 100 விவசாயிகள், காவிரிப் பாசனத்தில் 100 விவசாயிகள் என்று அவரவர் சொந்த வயலிலேயே சோதனை வைத்தார்கள். புது நடவும் பழைய நடவும் பக்கத்துப் பக்கத்தில். நம் பக்கத்து 100 வயல்களில் புது முறைக்குச் சராசரியாக ஹெக்டேருக்கு 7.2 டன் கிடைத்தது, வழக்கமான முறைக்கு 5.7 டன். விதைநெல் ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ போதும் என்பதைச் சம்சாரிகள் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். பிறகு அது 'செம்மை நெல் சாகுபடி' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் போனது. ஊரில் 'ஒத்தை நாத்து நடவு' என்றால்தான் புரியும்.

இதில் நான் மதிக்கிற விஷயம் அந்த மகசூல் எண் மட்டுமல்ல. கோவை நிலையத்தில் எடுத்த முடிவை அப்படியே பிரசாரம் செய்யாமல், முதலில் 100 பேரின் வயலில் தோற்றுப்போகவும் தயாராக நின்றார்களே, அதுதான். அந்த 100 வயலிலும் ஒரே விளைச்சல் வரவில்லை. சில வயலில் 4 டன்னுக்குச் சற்று மேல், சில வயலில் 10 டன்னைத் தாண்டியது. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்ற கேள்விதான் உண்மையான ஆராய்ச்சிக் கேள்வி. அந்தக் கேள்வி ஆராய்ச்சிப் பண்ணையின் ஒரே சீரான பாத்திகளில் எழவே எழாது.

விடுபட்டதையும் சொல்ல வேண்டும். காயவிட்டுப் பாய்ச்சுவது என்றால் தண்ணீர் நம் கையில் இருக்க வேண்டும். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கோடைமேலழகியான் கால்வாயில் தலைமடையில் வயல் இருப்பவர் இன்று மடையை அடைத்தால் நாளைக்குத் திறந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையோடு இருப்பார். ஸ்ரீவைகுண்டம் தென்கால் கடைமடையில் இருப்பவருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. வந்த தண்ணீரை விட்டால் அடுத்த முறை எப்போது என்று அவருக்குத் தெரியாது, அதனால் கட்டித்தான் வைப்பார். அவர் பழமைவாதி என்று எழுதிவைத்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். அவர் செய்தது அவருடைய நிலைமைக்குச் சரியான கணக்கு. அதேபோல நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களிடம் யாரும் முதலில் பேசவில்லை. கருவி வந்ததும் பல வயல்களில் களை வேலை பெண்கள் கையிலிருந்து, கருவியைத் தள்ளுகிற ஆண்கள் கைக்குப் போனது. கூலி யாருக்குக் குறைந்தது என்பதை மகசூல் அட்டவணை காட்டாது. அந்தப் பெண்களில் நாலு பேர் திட்டம் போடும் கூட்டத்தில் இருந்திருந்தால், பெண்கள் சிரமமில்லாமல் தள்ளக்கூடிய கருவியைப் பற்றிய பேச்சு முதல் வருடமே வந்திருக்கும்.

உங்கள் ஒப்பந்தம் நீர்வளம் பற்றியது என்பதால் இதை இவ்வளவு தூரம் சொன்னேன். அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நீரியல் தெரியும், செயற்கைக்கோள் படம் வாசிக்கத் தெரியும், கணினி மாதிரிகள் கட்டத் தெரியும். எந்தக் குளம் நிறைந்தால் மறுகால் எந்தப் பக்கம் பாயும், நடுவில் எந்த ஓடை வீட்டுமனையாகிவிட்டது என்பது மடை திறக்கிற ஆளுக்குத்தான் தெரியும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாம் எல்லோரும் பார்த்தோம். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் 800க்கும் மேற்பட்டவர்கள் சிக்கிக்கிடந்தார்கள். ஆறு மட்டும் பெருகியிருந்தால் கணக்குப் போடுவது சுலபம். இங்கே ஆறும் பெருகியது, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுத்த குளங்களும் உடைந்தன. அந்தத் தொடரை வரைபடமாக்குவது ஒரு பல்கலைக்கழகத்தால் தனியாக முடியாது, ஒரு பஞ்சாயத்தாலும் தனியாக முடியாது. கூட்டு முயற்சிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை நம் சீமையில் இல்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வரலாறு மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது. நாம் பொதிகை என்கிறோம், அவர்கள் அகஸ்தியமலை என்கிறார்கள். காடு ஒன்றுதான், காணி என்ற பழங்குடி மக்களும் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நம் பக்கம் மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று குடியிருப்புகள். 1987இல் கேரளப் பக்கத்தில் விஞ்ஞானிகள் சிலர் காட்டுக்குள் போனபோது, வழிகாட்டியாக வந்த காணிக்காரர்கள் ஒரு சின்னப் பழத்தைத் தின்றுவிட்டுச் சோர்வே இல்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழம். முதலில் சொல்லத் தயங்கினார்கள், பிறகு காட்டிக்கொடுத்தார்கள். திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுவில் கோவையைச் சேர்ந்த ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீத உரிமைத் தொகைக்கும் உற்பத்தி உரிமம் கொடுத்தார்கள். அதில் பாதி காணிகளுக்கு என்று நிலையமே முடிவு செய்தது. பணத்தை வாங்க 1997இல் காணிகளுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவானது.

இந்தியாவில் 2002இல் உயிரியல் பன்மயச் சட்டம் வருவதற்கும், உயிர்வளங்களின் பயனைப் பகிர்ந்துகொள்வது பற்றிய நகோயா நெறிமுறை உலக அளவில் 2010இல் ஏற்கப்படுவதற்கும் முன்னாலேயே இது நடந்தது. அறிவைக் கொடுத்தவருக்கும் பங்கு என்று ஒரு ஆராய்ச்சி நிலையம் தானாக முன்வந்து செய்ததால், உலகம் முழுவதும் இதைப் பாடமாக நடத்துகிறார்கள். பெருமைப்படவேண்டிய விஷயம், நான் பெருமைப்படுகிறேன்.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அதே குறைதான். காணிகளில் மருந்தறிந்த மூத்தவர்களில் சிலர், எங்களைக் கேட்காமல் எப்படிச் சொன்னீர்கள் என்று எதிர்த்தார்கள். பங்கு எவ்வளவு என்பதை நிலையம் தீர்மானித்தது, பேச்சுவார்த்தையில் காணிகளின் தரப்பு ஒன்று உட்காரவில்லை. வனத்துறையையும் தொடக்கத்திலேயே சேர்க்காததால், செடியைக் காட்டிலிருந்து பறிப்பதற்கும் காட்டு நிழலில் வளர்த்து விற்பதற்கும் தடை வந்தது. அந்தச் செடி காட்டுச் சூழலில் வளர்ந்தால்தான் முழு வீரியத்தோடு இருக்கும் என்பதால் வேறு இடத்தில் பயிரிட்டும் ஈடுகட்ட முடியவில்லை. இலை போதாமல் மருந்துத் தயாரிப்பு தளர்ந்தது. நோக்கம் முழுக்க முழுக்க நல்லது. யார் யார் சம்மதம் வேண்டும் என்று முதல் மாதத்தில் ஒரு பட்டியல் போடாததுதான் குறை.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபரமகல்யாணி சுற்றுச்சூழல் ஆய்வு மையம் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இவை இருக்கும்போது, பொதிகை மூலிகைகள் பற்றிய எந்தக் கூட்டு ஒப்பந்தமும் காணிக் குடியிருப்புகளின் கிராம சபையைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லாக் கூட்டுக்கும் ஊர்க்காரர் சம்மதம் ஒரே அளவில் தேவைப்படாது. கயத்தாற்றைப் பாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று அங்கே பலமாக அடிக்கிறது. சென்னையில் 1998இல் தொடங்கிய காற்றாலைத் தொழில்நுட்ப மையம், இப்போது தேசிய காற்றாற்றல் நிறுவனம், டென்மார்க் அரசின் உதவியோடும் அந்த நாட்டு ரீசோ ஆய்வுக்கூடத்தின் தொழில்நுட்பத் துணையோடும் கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையம் அமைத்தது. வெளிநாட்டுப் பணம் நின்ற பிறகும் நிலையம் நிற்கிறது, அளவிடத் தெரிந்த நம் பொறியாளர்கள் இருக்கிறார்கள், இங்கேயே சோதித்துச் சான்று தர முடிகிறது. வெளிநாட்டுக் கூட்டில் நாம் எதிர்பார்க்க வேண்டியது இதுதான்: அவர்கள் போன பிறகு இங்கே தங்குகிற திறமை. தூத்துக்குடிக் கடலில் வான் தீவு கரையாமல் இருக்கச் செயற்கைப் பாறைகளை இறக்கிய வேலையில் சென்னை ஐஐடியும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். பெரிய நிறுவனத்தின் கணக்கு அறிவும், தினமும் கடலில் இறங்குகிற சிறிய நிலையத்தின் அனுபவமும் சேர்ந்தன.

வெளிநாடுதான் வேண்டும் என்பதும் இல்லை. நம் வீடுகளில் புழங்குகிற அம்பை 16 எங்கிருந்து வந்தது? ஆடுதுறை 31ஐயும் கோ 39ஐயும் இணைத்து அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்டது. தஞ்சைப் பக்கத்து நிலையத்தின் உழைப்பும் கோவையின் உழைப்பும் நம் மண்ணில் சேர்ந்த விதை அது. அந்த நிலையம் 1937 முதல் இங்கே இருப்பதால், கார், பிசானம் என்ற நம் இரண்டு நெல் பருவங்களில் எதற்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிய விஷயம். மூன்று வருடத் திட்டத்தில் இப்படி ஒரு விதை பிறக்காது.

இன்னொரு உதாரணம் பணம் குறைவான, ஆனால் நீண்டு நிற்கிற வகை. மணிமுத்தாற்றில் பெங்களூரின் ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனம் நடத்துகிற அகஸ்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், 2011 முதல் ஜனவரி மாதத்தில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், பறவை ஆர்வலர்கள் எல்லோரும் குளக்கரைகளுக்குப் போகிறார்கள். ஒரு வருடக் கணக்கு பெரிதாக எதையும் சொல்லாது. விடாமல் வருடா வருடம் எடுத்த கணக்கு, எந்தக் குளம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லும். கூந்தன்குளத்தில் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போலக் காத்த ஊர்க்காரர்கள் இல்லாமல் அந்தக் குளம் இன்று உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருந்திருக்காது.

இனி உங்கள் வரைவுக்கு வருகிறேன்.

கல்லூரிகளுக்கான நாக் (NAAC) தரமதிப்பீட்டில் நடைமுறையில் உள்ள ஒப்பந்தங்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் இருப்பதால் கல்லூரி நிர்வாகம் அவசரப்படுத்தும். அது அவர்களுடைய தேவை, புரிந்துகொள்ளலாம். சேர்ந்து பட்டம் கொடுக்கிற திட்டமாக இருந்தால் மட்டும் 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளைப் பார்க்க வேண்டும், அதற்கு நாக் தரப்புள்ளி 3.01 போன்ற தகுதிகள் உண்டு. நீங்கள் சொல்வது ஆராய்ச்சிக் கூட்டு என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. உங்கள் கவனம் வேறு சில இடங்களில் இருக்கட்டும்.

முதலில் காலண்டர். இதை யாரும் யோசிப்பதில்லை. பிசான நடவு நடக்கிற அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் நம் கல்லூரிகளில் பருவத் தேர்வு. குளம் நிறைந்து மறுகால் பாய்கிற வாரத்தில் மாணவர் தேர்வு அறையில் இருக்கிறார். வெளிநாட்டு ஆய்வாளர் தன் விடுமுறையில், அதாவது நம் கோடையில், வந்து வறண்ட குளத்தை அளக்கிறார். இப்படி எடுத்த அளவுகளை வைத்து வெள்ளத்தைப் பற்றி என்ன பேச முடியும்? களப்பணிக்கு மதிப்பெண் கொடுத்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு மாணவர் குழு ஆற்றங்கரையில் இருக்கும்படி பாடத்திட்டத்தில் இடம் ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத்திடம் இதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அந்த ஒரு ஏற்பாடு, பத்துக் கருத்தரங்குகளைவிட அதிகம் தரும்.

அடுத்து அளவைக் கருவிகள். மழைமானி, நீர்மட்டக் கருவி, உணரிகள் எல்லாம் திட்டப் பணத்தில் வரும். திட்டம் முடிந்ததும் மின்கலம் மாற்ற ஆளிருக்காது. பராமரிப்புக்கு ஐந்து வருடப் பணத்தைத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்துவைக்கும்படி எழுதுங்கள். கருவி பொருத்துகிற ஊரிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இரண்டு பேருக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுங்கள். இது தானமல்ல, திட்டச் செலவு. தரவு எங்கே இருக்கும் என்பதும் எழுத்தில் வேண்டும். இங்கே அளந்த தண்ணீர்க் கணக்கின் முழுப் பிரதி உங்கள் கல்லூரியிலும் மாநில அரசின் நீர்வளத் துறையிடமும் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கணினியில் மட்டும் இருந்தால், அடுத்த வெள்ளம் வரும்போது மாவட்ட நிர்வாகத்துக்கு அது பயன்படாது. கட்டுரைகளில் உங்கள் ஆசிரியர்கள் பெயர் நடுவில் எங்கோ வருவதற்கும் சம்மதிக்காதீர்கள். களவேலையும் விளக்கமும் உங்களுடையது என்றால் முதல் பெயரும் உங்களுடையதாக இருக்கட்டும்.

கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் உங்கள் கல்லூரி இருந்தால் குறைந்தது ஐந்து ஊர்களோடு ஏற்கெனவே தொடர்பு இருக்கும். அந்த ஊர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். புது ஊர் தேடிப் போனால் முதல் வருடம் அறிமுகத்திலேயே போய்விடும். ஐக்கிய நாடுகள் 2015இல் வகுத்த 17 இலக்குகளில் கடைசியானது கூட்டுறவு பற்றியது என்று உங்கள் முன்னுரையில் எழுதத்தான் போகிறீர்கள், எழுதுங்கள். அந்த வரியோடு ஊரின் பெயரும் குளத்தின் பெயரும் இருக்கட்டும்.

ஊர் எப்படிக் கையெழுத்துப் போடும், அதற்குச் சட்டப்படி யார் இருக்கிறார்கள் என்று உங்கள் நிர்வாகம் கேட்கும். ஆள் இருக்கிறது. பாசனத்துக்குத் தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உண்டு, அவற்றுக்குத் தேர்தலில் வந்த தலைவரும் உண்டு. காடு சம்பந்தப்பட்டால் 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபை. செடி, மீன், விதை என்று உயிர்ப்பொருள் எதையாவது எடுப்பதாக இருந்தால் 2002 சட்டப்படி உள்ளாட்சியில் உயிரியல் பன்மய மேலாண்மைக் குழு. அதோடு வெளிநாட்டவர் உயிர்ப்பொருளை எடுக்கத் தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் முன் அனுமதியும் கட்டாயம். உங்கள் திட்டத்துக்கு முதலாவது போதும். சங்கத் தலைவரை மூன்றாம் தரப்பாகச் சேர்த்து, ஆராய்ச்சிக் கேள்விகளை ஆண்டுக்கு ஒருமுறை சங்கக் கூட்டத்தில் வைத்துத் திருத்தும் உரிமையை அவர்களுக்குக் கொடுக்கும் ஒரு பிரிவைச் சேருங்கள். தலைமடைச் சங்கம் ஒன்றும் கடைமடைச் சங்கம் ஒன்றும் கட்டாயம் வேண்டும், இரண்டு பேருக்கும் தண்ணீர் பற்றிய கேள்வி ஒன்றல்ல. சங்கக் கூட்டத்துக்குப் பெரும்பாலும் நிலம் உள்ள ஆண்கள்தான் வருவார்கள். நடவுப் பெண்களிடம் தனியாகப் போய்ப் பேசி, அவர்கள் சொன்னதையும் அதே வரைவில் எழுதுங்கள்.

வரைவை முதலில் தமிழில் எழுதுங்கள் தம்பி. பிசானத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்னால், சம்சாரிகளுக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும்போது, கன்னடியன் கால்வாய்ச் சங்கத்திலும் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துச் சங்கத்திலும் அதை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் அடித்துத் திருத்தியதை ஆங்கிலத்தில் மாற்றி வெளிநாட்டுக்கு அனுப்புங்கள்.